சாயாத ஸ்பீக்கரும் சாகாத அத்தையும்

டுலூத்,
நவம்பர், ஞாயிறு பிற்பகல்.

பேரன்புக்குரிய அன்னிகா அத்தைக்கு,

டில்டா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பூனை ஹெர்ரிங் எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஃபார்கோவில் நீங்களும் லீலண்ட் மாமாவும் குட்டி ஓட்டோவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முக்கியமாக, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் எள்ளளவும் சந்தேகம் இல்லை. இதை ஏன் தனியாகக் குறிப்பிடுகிறேன் என்பது கடிதத்தின் நடுவில் வரும். முதலில் ஸ்பீக்கர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

போன வாரம் நீங்கள் போனில் பேசியபோது, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வருவோம், ஆனால் விடுதியில் அறை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். அம்மா, "அதெல்லாம் வேணாம், இங்கயே தங்குங்க" என்றாள். நீங்கள், "இல்ல கொரீன், உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்றீர்கள். அதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் முதல் தடவை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வேண்டாம் என்றீர்கள், அதுவும் மரியாதைக்குத்தான் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் தடவையும் நீங்கள் வேண்டாம் என்றதும் அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். நம் பக்கத்தில் மூன்றாவது வேண்டாம்தான் நிஜமான வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கப்புறம் போனை வைக்கும் முன்னால் நீங்கள், "ஆமா, தம்பியோட அந்த உயரமான ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் ஹால்லதான் நிக்குதா?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான், அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓட்டோ இப்பத்தான் எதையாவது புடிச்சிகிட்டு எழுந்து நிக்கப் பழகறான். நம்ம ஹால்ல அவன் கைக்கு முதல்ல என்ன ஆப்புடும்? அந்த ரெண்டு கம்பம்தான். பிள்ளை மேல சாஞ்சிருமோன்னு அன்னிகாவுக்குப் பயம்" என்றாள்.

"அவ அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றார் அப்பா.

"சொல்லலல்ல? அதான் நானும் சொல்றேன். சொல்ற அளவுக்கு இருந்தா சொல்லியிருப்பாங்க. சொல்ல முடியாத அளவுக்குப் பயம்."

அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள்: "அன்னிகா இந்த வீட்ல தங்கினா ஸ்பீக்கரும் இந்த வீட்ல தங்கட்டும். அவங்க வெளிய தங்கினா, அதுவும் வெளிய தங்கட்டும். கராஜ்ல இடம் இருக்கு."

எங்கள் கராஜைப் பற்றி உங்களுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் அங்கே வைத்த பெயின்ட் டப்பா உறைந்து வெடித்தது. நிலவறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அங்கே கூரை தாழ்வு, ஸ்பீக்கரை நிறுத்தவே முடியாது. அப்பா போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தை, நான் எதையும் மிகைப்படுத்தி எழுதுகிறவள் இல்லை. அப்பா வேலையிலிருந்து வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்பார், அந்த நேரத்தில் மட்டும்தான் அவருடைய தோள்கள் காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும். இதை நான் புத்தகத்துக்கு மேலாகப் பலநாள் கவனித்திருக்கிறேன். அன்றைக்குத் தோள்கள் இறங்கவே இல்லை. அதனால் நானும் இந்தக் காரியத்தில் இறங்கினேன்.

நீங்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள், ஆகவே அளவைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் என் மோவாய் உயரம். அகலம் என் பெரிய அகராதியின் அகலம்தான், அதை நேராக வைத்துப் பார்த்தேன். இப்படி உயரமாகவும் ஒடுக்கமாகவும் ஒன்றைச் செய்து வீட்டுக்குள் நிறுத்தலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை, ஆனால் ஒடுக்கமாக இருந்தால்தான் பாட்டு நடுவில் ஒரு ஆள் நின்று பாடுவதுபோலக் கேட்குமாம், அப்பா சொல்கிறார். நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். ஒரு பொருளின் கனம் முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு அங்கிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு காலடிக்குள் விழுகிறவரை பொருள் சாயாது, காலடிக்கு வெளியே போனால் சாய்ந்துவிடும். நூலில் அழிரப்பரைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி நானே பார்த்தேன். அதோடு நம் வீடு மலைச்சரிவில் இருப்பதால் தரையும் ஏரிப் பக்கம் சாய்வு, அதன்மேல் கம்பளம், கம்பளத்துக்குக் கீழே மெத்துமெத்தென்று அம்மா போட்ட அடிவிரிப்பு. ஸ்பீக்கர் நின்றுகொண்டிருந்தது என்பதைவிட விழ நேரம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் சரி. நான் சொல்வதை மெய்ப்பிக்கவே வந்ததுபோல ஹெர்ரிங் அன்றைக்கே புத்தக அலமாரியிலிருந்து இடது ஸ்பீக்கரின் தலைமேல் தாவியது. ஸ்பீக்கர் ஏதோ யோசனையில் இருப்பவரைப்போல ஒருமுறை முன்னால் குனிந்து ஒருமுறை பின்னால் போனது. அப்பா கையிலிருந்த சூப்புக் கிண்ணத்தைச் சோபாவில் வைத்துவிட்டு ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்தார். வைத்த வேகத்தில் கிண்ணம் நிற்கவில்லை. அம்மா சோபாவைப் பார்த்துவிட்டு, "ம்... ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். அம்மா அதைவிடக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் அப்பா என் கலைக்களஞ்சியத்தின் இரண்டு தொகுதிகளைக் கேட்டார், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க. நான் கொடுக்கவில்லை. பிறகு நான் சுவரில் ஒரு கொக்கி அடித்து வார்ப்பட்டையால் கட்டிவிடலாம் என்றேன். அதற்கு அப்பா, "சுவரோட கட்டினா சுவரும் சேர்ந்து பாடும்மா" என்றார். சுவருக்குக் குரல் நன்றாக இருக்காது என்பது அவர் எண்ணம். கடைசியில் அப்பாவின் நண்பர் டாக்டர் ஆரின்தான் வழி சொன்னார். அவர் பல் டாக்டர். அவர் வீட்டிலும் இப்படி இரண்டு நிற்கின்றன, அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் அங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. "கால் மாட்டிரு ஆர்விட். பஸ்ல கால அகட்டி நின்னா விழுவமா? அதே கதைதான்" என்றார். ஸ்பீக்கரின் அடியில் நாலு மூலையிலும் மாட்டுகிற இரும்புக் கால்கள், நண்டுக்கால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் திருகி ஏற்றி இறக்குகிற ஒரு கூர்முள். அந்த முள் கம்பளத்தையும் அடிவிரிப்பையும் துளைத்துக்கொண்டு மரத்தரையில் போய் நிற்கும், மெத்தைமேல் நிற்கிற ஆட்டம் போய்விடும். தரை எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கத்து முள்ளைக் கொஞ்சம் நீளமாக விட்டால் ஸ்பீக்கர் நிமிர்ந்து நிற்கும். நியாயமான யோசனைதான். அப்பா வரவழைத்த கால்களின் பெட்டி வந்ததும் வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் ஆரினும் வந்துவிட்டார்.

இனி நடந்ததை நீங்கள் நிதானமாகப் படிக்கவேண்டும் அத்தை. கால் மாட்ட வேண்டுமானால் ஸ்பீக்கரைப் படுக்கவைக்க வேண்டும். மரத்தில் கீறல் விழாமல் இருக்க, சோபாவில் நீளவாக்கில் படுக்கவைத்துத் தலைப்பக்கம் ஒரு தலையணையும் கொடுத்தார் அப்பா. பூனை நகத்தைப் போட்டுவிடப்போகிறதே என்று அம்மா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துவந்து மேலிருந்து கீழ்வரை போர்த்திவிட்டாள். அடிப்பாகம் மட்டும் திறந்திருந்தது. அடியில் ஏற்கெனவே இருந்த சின்ன ரப்பர் கால்களில் ஒன்றைக் கழற்றும்போது திருகாணி உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அப்பா துருவுக்கு எண்ணெய் பீய்ச்சினார், அது கண்ணில் தெறித்துக் கண் சிவந்து நீர் கொட்டியது. டாக்டர் ஆரின் தன் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து அந்த ஓட்டைக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நட்டு கீழே விழுந்து கம்பளத்துக்குள் போய்விட்டது. ஆகவே அப்பா, அம்மா, நான் மூன்றுபேரும் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றோம். அசைந்தால் மிதித்துவிடுவோம். டாக்டர் ஆரின் கண்ணாடியை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, முடியாது என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் பெர்னிஸ் அம்மாள் வாசற்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறார். தேவாலயத்தில் காபி ஊற்றுகிற அதே பெர்னிஸ் அம்மாள்தான், உங்கள் கல்யாணத்துக்குக்கூட வந்திருந்தாரே. எங்கள் கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கதவு மூடுகிற சத்தம் கேட்டுத் திரும்பியபோது தட்டு மட்டும் செருப்பு அலமாரிமேல் இருந்தது.

"பெர்னிஸ்தானே? ஏன் ஒண்ணும் பேசாம போறா?" என்றாள் அம்மா. "கெளம்பறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு பேசறதுக்கே அவளுக்கு அரை மணி நேரம் ஆகுமே."

"அவசரமா இருக்கும்" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டாக்டர் ஆரின் உடைந்த திருகாணியைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற பக்குவத்தோடு பிடுங்கி எடுத்துவிட்டார். நட்டும் அம்மாவின் செருப்புக்குள் கிடைத்தது. இடது ஸ்பீக்கருக்குக் கால் மாட்டி நிறுத்தினோம். வலதைச் சனிக்கிழமை செய்யலாம் என்று பிரிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்தால் வாசலில் ஒரு ஹாட்டிஷ். அடியில் இறைச்சிக் கலவை, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி, இன்னும் சூடாக. அம்மா, "யாரோ பாவம், அன்பா செஞ்சிருக்காங்க" என்றாள். நாங்கள் சாப்பிட உட்காரும்போது இன்னொன்று வந்தது, அதற்குப் பின்னால் பன்றித்தொடை இறைச்சியும் பன்னும், பிறகு ஜெல்லி சாலட். கொண்டுவந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, "பாத்திரத்துக்கு அவசரமில்ல" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பெயர் எழுதின பட்டை ஒட்டியிருந்தது. நாலாவது பாத்திரத்தைத் தூக்கி அடியிலிருந்த பெயரைப் படித்துவிட்டு அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"துக்க வீட்டுக்குத்தான் இப்படி பேர் ஒட்டி அனுப்புவாங்க. ஆர்விட், இது சாவுச் சாப்பாடு" என்றாள்.

"யாரு செத்தா?"

"அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

அது நியாயம்தான். துக்க வீட்டில் போய் யார் செத்தது என்று கேட்பவர்கள் நம் ஊரில் இல்லை. தெரிந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கும் கேட்க வாய் வரவில்லை. நான்தான் சோபாவையும் போர்வையையும் கண்ணாடியையும் குனிந்த தலைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்கினேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்புப் போலத்தான் இருந்தது.

அது ஒரு ஸ்பீக்கர் என்று பெர்னிஸ் அம்மாளிடம் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா அதற்காகத்தான் சனிக்கிழமை காலையில் மளிகைக்கடைக்கே போனாள். போன இடத்தில் எதிரே பெர்னிஸ் அம்மாள், கூட இன்னும் இரண்டு பேர். அம்மா எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது என்று, நாகரிகமாக வேறு பேச்சில் தொடங்கியிருக்கிறாள். "தேங்க்ஸ்கிவிங் எப்படி கொரீன்?" என்று அவர்கள் கேட்க, "என்ன சொல்றது, அன்னிகா இந்தத் தடவை எங்க வீட்ல இருக்க மாட்டாங்க. அதான் வருத்தம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். மூன்றுபேரும் அங்கேயே, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில், அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெர்னிஸ் அம்மாள், "நெனச்சேன். உயரத்தைப் பாத்தப்பவே அன்னிகாதான்னு நெனச்சேன்" என்றாராம். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரிடம் போய், நீ அழுவது தப்பு என்று எப்படிச் சொல்வது? அம்மா ஒரு பை மாவு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்படித்தான் அத்தை நீங்கள் காலமானீர்கள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைப் பற்றி எல்லாரும் நல்லதாகவே பேசுகிறார்கள். பள்ளி நாடகத்தில் நீங்கள் மரமாக நடித்ததைக்கூட ஒருவர் நினைவுகூர்ந்தார்.

இன்று காலை தேவாலயத்தில் அப்பா ஒரு முயற்சி செய்தார். காபி நேரத்தில் பெர்னிஸ் அம்மாளைத் தனியே கூப்பிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீங்க அன்னைக்கு சோபால பாத்தது வந்து... அது என் ஸ்பீக்கர்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். பெர்னிஸ் அம்மாள் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"தெரியும்பா" என்றார். "எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் அவர் கோட்டோட ஒரு வாரம் பேசிகிட்டிருந்தேன். துக்கம் அப்படித்தான். நீ சாப்பிடு."

அப்பா ஒரு கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். "உண்மையைத்தாம்மா சொன்னேன்" என்று காரில் அம்மாவிடம் சொன்னார். "அதுக்கு மேல என்ன பண்ண?"

இனி ஸ்பீக்கரின் இப்போதைய நிலை. நீங்கள் முடிவெடுக்கத் தேவையானது இந்தப் பத்திதான். சனிக்கிழமை வலது ஸ்பீக்கருக்கும் கால் மாட்டியாயிற்று, இந்த முறை திரைச்சீலைகளை மூடிவிட்டு, வாசற்கதவையும் பூட்டிவிட்டுச் செய்தோம். எட்டு முள்ளையும் அப்பா தரையில் படுத்துக்கொண்டு திருக, நான் ரசமட்டத்தை ஸ்பீக்கர் தலைமேல் வைத்து, குமிழி நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துச் சொன்னேன். ஒரு முள் தரையைத் தொடாவிட்டாலும் முழுதும் ஆடும் என்பதால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிறகு முள் மறுபடி சுழலாதபடி நட்டை இறுக்கினோம். மரத்தரையில் ஓட்டை விழுமே என்று அம்மா கேட்டதற்கு, அப்பா கம்பளத்தை அந்த இடங்களில் லேசாகக் கீறி, முள்ளுக்கு அடியில் ஜாம் ஜாடி மூடிகளை நுழைத்துவிட்டார். மூடிகள் எங்கே என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. அதன்பிறகு சோதனை. ஓட்டோவைவிடக் கனமான பறவைத் தீவன மூட்டை ஒன்றுக்கு என் பழைய ஸ்வெட்டரை மாட்டி, ஸ்பீக்கரின் மேல்விளிம்பில் முன்பக்கமாகத் தொங்கவிட்டோம். சாயவில்லை. ஆட்டிப் பார்த்தோம், அப்போதும் சாயவில்லை. "ஓட்டோ கெட்டிக்காரன், நல்லா தொங்கறான்" என்றார் அப்பா. அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த மூட்டையை ஓட்டோன்னு சொல்லாத ஆர்விட், ஒருத்தர் போனது போதும்" என்றாள். ஹெர்ரிங்கும் வழக்கம்போலத் தாவிப் பார்த்தது. ஒன்றும் ஆடாததால் ஏமாந்துபோய் இறங்கிவிட்டது.

பிறகு அப்பாவும் டாக்டர் ஆரினும் ஒரே பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். டாக்டர் ஆரின் கண்ணை மூடிக்கொண்டு, "அடிக்குரல் இப்பத்தான் ஈறுல நல்லா ஊனி நிக்குது" என்றார். அப்பா, "ஆமால்ல? ஆமால்ல?" என்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவள், "வித்தியாசமா இருக்கு" என்றாள். அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "நல்ல வித்தியாசம்" என்று சேர்த்துக்கொண்டாள். என் காதுக்கு முன்னைக்கும் இப்போதைக்கும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனால் நான் எழுதவந்தது சத்தத்தைப் பற்றி அல்ல, சாய்வதைப் பற்றி. அதில் நான் படித்த புத்தகத்தின்மேல் ஆணையாகச் சொல்வேன், எங்கள் வீட்டில் இப்போது மிக உறுதியாக நிற்பவை அந்த இரண்டும்தான். சாப்பாட்டு மேசைகூட அப்படி நிற்பதில்லை.

ஆகவே அத்தை, பயத்தை விட்டுவிட்டு நீங்கள் மூவரும் எங்கள் வீட்டிலேயே தங்கவேண்டும் என்று அப்பா சார்பில் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவே எழுதியிருப்பார், ஆனால் எழுத உட்கார்ந்து, "அன்புள்ள அக்கா, ஸ்பீக்கர் நல்லா இருக்கு" என்பதோடு நின்றுவிட்டது. "நீயே எழுதும்மா, உனக்குத்தான் முழு வாக்கியம் வரும்" என்றார். நீங்கள் விடுதிக்குப் போனால் கராஜில் என்ன நடக்கும் என்பதை மேலே எழுதிவிட்டேன், மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்து தேவாலயத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்களானால், நாங்கள் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியிருக்காது. கொஞ்சம் சத்தமாகப் பாடவும் செய்தால் நல்லது. பாத்திரங்களை அன்றைக்கே எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அம்மா நினைக்கிறாள். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

லீலண்ட் மாமாவுக்கு என் வணக்கம். ஓட்டோவின் இரண்டு கன்னங்களுக்கும் தலா ஒரு முத்தம். உங்கள் வீட்டில் கணப்பு நன்றாக எரியட்டும், வழியெல்லாம் பனி இல்லாமல் இருக்கட்டும், நீங்கள் நீண்டநாள் இருக்கவேண்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாகவே வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
டில்டா நைகார்ட்

பின்குறிப்பு: அத்தை, இதை உறைக்குள் போடுகிற நேரத்தில் நீங்களே போன் செய்துவிட்டீர்கள். அப்பா டாக்டர் ஆரினுக்கு ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் போனைச் சத்தமாக ஒலிக்கவிட்டு மேசைமேல் வைத்துத்தான் பேசினாள். "அன்னிகா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இங்க நீங்க செத்துட்டீங்க" என்று அம்மா சொன்னதும், நீங்கள் "அப்படியா? எப்ப?" என்று கேட்டதும், "வியாழக்கிழமை" என்றதும், "சாப்பாடு நல்லா வந்துச்சா?" என்று கேட்டதும் எல்லாம் என் காதில் விழுந்தது. அப்புறம் அம்மா, "ஸ்பீக்கருக்குப் பயந்துதானே விடுதின்னீங்க, இப்ப கால் மாட்டியாச்சு" என்றாள். "எந்த ஸ்பீக்கர்?" என்றீர்கள். "ஐயோ, அது சும்மா கேட்டேன் கொரீன், தம்பி ஆசையா வாங்கினானே, சந்தோஷமா இருக்கானான்னு." "அப்ப விடுதி எதுக்கு?" என்றாள் அம்மா. பிறகு, லீலண்ட் மாமா விடுகிற குறட்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலையே மாற்றிவிட்டார்கள் என்றும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றும் சொன்னீர்கள். "அவ்வளவுதானா? விடட்டும். சத்தத்துக்குப் பழகின வீடுதான் இது" என்றாள் அம்மா. நீங்கள் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லாமல் உடனே சரி என்றுவிட்டீர்கள். அந்த அதிர்ச்சியில் அம்மா ஈரக்கையோடு உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டவேண்டாம்.

ஆகவே மேலே நான் எழுதியிருப்பதில் எதுவுமே தேவையில்லை. ஆனாலும் கடிதத்தை அனுப்புகிறேன். "உங்கப்பாகிட்ட சொல்லாத" என்று அம்மா சொல்லிவிட்டாள், அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சற்றுமுன் திரும்பி வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு உட்கார்ந்து, எட்டு நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் நீங்கள் ஒரு உதவி செய்யவேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்பீக்கரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தமாதிரி நில்லுங்கள். ஓட்டோவைப் பின்னால் இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு கிட்டே போய் மேல்பக்கத்தில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள், நன்றாகவே தள்ளலாம், ஒன்றும் ஆகாது. அசையவில்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விடுங்கள். அப்பா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.